பீரங்கிக்கு மிளகு, துப்பாக்கிக்கு ரவை

நவம்பர் 10, திங்கள்

நான் பீரங்கிக்குச் சாபமிட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டிருப்பது பொய். மீன் ஏலக்கூடத்தில் யாரோ சொன்னதை என் வீட்டில் வேலை பார்க்கும் வியாகுலம் கேட்டுவந்து, பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒப்பித்தாள்.

“மச்சாடோ வீட்டம்மா கண்ணு வச்சுதான் போன வருசம் பீரங்கி ஊமையாப் போச்சாம்.”

நடந்தது இது. சென்ற ஆண்டு புனித பார்பரம்மாள் கோவில் கொடியேற்றத்தில், வழக்கமாக வெடிக்கும் பீரங்கிக்குத் திரி வைப்பதற்கு முன்பே, பக்கத்தில் நின்றவர்களிடம் “இது வெடிக்காது” என்று சொன்னேன். வெடிக்கவில்லை. சோற்றுப்பானை பொங்கி அடுப்பில் வழிந்ததுபோல் “பொஸ்ஸ்” என்று ஒரு சத்தம், வாயிலும் திரித்துளையிலும் கறுப்புப் புகை, அவ்வளவுதான். கொடி தன் பாட்டுக்கு ஏறியது. வானிலை அறிக்கை வாசிக்கிறவரை யாரும் மழைக்குப் பொறுப்பாக்குவதில்லை. என்னை மட்டும் ஏன் ஆக்க வேண்டும்?

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் கணவர் இஞ்ஞாசி மச்சாடோ துறைமுகத் தடுப்புச் சுவருக்குக் கல் உடைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர். வெடிமருந்துக் கிடங்கின் உரிமம் அவர் பெயரில், சாவி என் இடுப்பில். மருந்தைப் பருமன் பார்த்துச் சலித்துப் பிரித்தவள் நான். திருநாள் பீரங்கிக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் மருந்து போகும். அவர் இறந்தபின் கிடங்கை மூடிவிட்டோம். பீரங்கிப் பொறுப்பு திருநாள் கமிட்டியின் கைக்குப் போனது.

கமிட்டித் தலைவர் அல்போன்ஸ் கோமஸ் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். நல்ல மனிதர், பக்தி அதிகம். சாமி காரியத்துக்குப் போடுவது நைஸாக இருக்க வேண்டும் என்று, வேட்டுக்காரரிடம் மருந்தை மாவுபோல் வாங்கி, அதையும் கம்பெனிப் பெண்களை வைத்து ஆப்ப மாவு சலிக்கும் துணியில் சலித்திருக்கிறார். ஒரு பொறி பறக்காமல் காப்பாற்றியது மாதாதான். மாவை இறுக்கி அடைத்தால் நெருப்பு ஓட இடுக்கு இருக்காது. ஊதுபத்தி மாதிரி ஒரு முனையிலிருந்து எரிந்துகொண்டு போகும். அதைத்தான் ஊர் ஊமை என்கிறது.

கேக்குக்கு உலர்திராட்சை ஊறப்போட்டேன். சாமான் அறைக்கு மேல் ஓடு ஒழுகுகிறது.

நவம்பர் 12, புதன்

கோமஸ் வந்தார். என் கணவரின் செம்புக் கரண்டியும் மருந்து அமுக்கும் மரக்கோலும் வேண்டுமாம். பீரங்கிக்கு அருகில் இரும்பு போகக்கூடாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாரே, சந்தோஷம்.

“இந்த வருசம் கவலையே இல்ல மாமி. மாவு வேண்டாம்னுட்டேன். நல்ல ரவை மாதிரி மருந்து. துப்பாக்கிக்குப் போடுறது. ஒண்ணாம் நம்பர் சரக்கு.”

“எவ்வளவு போடப்போற?”

“போன வருசத்துல ரெண்டு பங்கு. மானம் போச்சுல்லா?”

நான் அவரை உட்காரச் சொன்னேன். ரவை மருந்து துப்பாக்கிக் குழாய்க்குச் சரி. அது சிறிய குழாய், கொஞ்ச மருந்து. பழைய வார்ப்பிரும்புப் பீரங்கியில் கரண்டி கரண்டியாக ரவையைக் கொட்டினால் அத்தனையும் ஒரே கணத்தில் எரிந்துவிடும். இரும்புக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

“போன வருசம் அது பேசல. இந்த வருசம் பேசும். ஆனா வாய் வழியாப் பேசாது, விலா வழியாப் பேசும். பக்கத்துல நிக்கிறவன் இருக்க மாட்டான்” என்றேன்.

கோமஸ் எழுந்து நின்றார். “மாமி, போன வருசம் வெடிக்காதுன்னு சொன்னிய. இந்த வருசம் வெடிக்கும்னு சொல்லுதிய. உங்களுக்கு என்னதான் வேணும்?”

கரண்டி விளக்கப் போட்டிருக்கிறது, பிறகு தருகிறேன் என்று அனுப்பினேன். வாசல்வரை போனவரிடம், பேச்சுவாக்கில், யார் திரி வைக்கிறார்கள் என்று கேட்டேன்.

“வேற யாரு? கஸ்பார் தண்டல்தான்.”

யார் வைத்தால் எனக்கென்ன. பீரங்கி மிகவும் பழையது. கோவிலின் சொத்து. அதற்காகத்தான் சொல்கிறேன்.

மதியக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. வியாகுலம் தான் ஒரு தடவைகூடப் போடவில்லை என்கிறாள்.

நவம்பர் 13, வியாழன்

இன்று வியாழக்கிழமை ஆனதால் கஸ்பார் ரொட்ரிகோ நாளிதழ் வாசிக்க வந்தார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல். கரையேறிப் பல வருடமாகிறது, மனைவி போயும் பல வருடமாகிறது. இன்னமும் கப்பல் வரத்து என்ன என்று தெரியாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அது ஆங்கில நாளிதழில்தான் வருகிறது. நான் தமிழ் நாளிதழ்தான் வாசிக்கிறேன். கான்வென்டில் படித்த ஆங்கிலம் துருப்பிடிக்கக் கூடாது என்று ஆங்கிலத்தையும் வாங்குகிறேன். அவர் வருவதற்கு முன் நான் அதைப் பிரிப்பதில்லை. மடிப்புக் கலைந்துவிடும்.

இன்று ஒரு ஊளி மீனும் கொண்டுவந்தார். அவருக்குப் பெரிய டம்ளரில் பாதிக் காப்பி கொடுப்பது வழக்கம். சூடு சீக்கிரம் ஆறும்.

மருந்து விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரே எடை புளிய விறகு எடுங்க தண்டல். கட்டையா வச்சா சோறு வேகிற வரைக்கும் நின்னு எரியும். அதையே சிராயாச் சீவி வச்சா பக்குன்னு ஒரே மூச்சு. மிளகு அளவு மருந்துன்னா பீரங்கியைத் தள்ளும். ரவை மருந்து அறையும்.”

“பாய்க்குக் காத்து மாதிரி” என்றார். “ஒரே சீரா வீசுனா தோணி ஓடும். பளீர்னு ஒரு அறை அறைஞ்சா பாய்மரம் முறியும். இது எனக்குச் சொல்லணுமா மச்சாடோ அம்மா?”

“அப்போ திரி வைக்க மாட்டேன்னு சொல்லிருங்க.”

“அது முடியாது.”

“ஏன் முடியாது?”

“போன வருசம் மருந்து மேல குத்தம்னு எவன் சொன்னான்? தண்டலுக்குக் கை நடுங்குச்சு, திரி துளையில விழலன்னுல்லா சொன்னானுவ. இந்த வருசம் ஒதுங்குனா, ஆமான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. வெடிச்சா வெடிக்கட்டும். திடீர்ச் சாவுக்குப் பாதுகாவலே பார்பரம்மாதான். அவ திருநாள்லயே போனா வரிசையில நிக்காம மோட்சத்துக்குப் போயிரலாம்.”

என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த மாதிரி வேடிக்கைப் பேச்சு வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கலாம். அவர் நாளிதழை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு டம்ளர் காப்பி கேட்டார். நான் கொடுக்கவில்லை. வியாகுலம் கொடுத்தாள். சர்க்கரை மட்டும் நான் போட்டேன், அவளுக்கு அளவு தெரியாது.

நவம்பர் 14, வெள்ளி

மழை. திராட்சையைக் கிளறினேன். இவ்வளவு பெரிய ஊரில் திரி வைக்க வேறு ஆளே கிடையாதா?

நவம்பர் 16, ஞாயிறு

பூசை முடிந்ததும், பங்குத்தந்தை ரெக்சன் சாமி உடை மாற்றும் அறைக்குப் போனேன். கமிட்டி அங்கேதான் கூடும். கையில் ஒரு பை. பையில் மூன்று மண்தட்டு, மூன்று பொட்டலம் கரி. மூன்றும் ஒரே எடை. வீட்டுத் தராசில் நானே நிறுத்தது.

“உள்ள வரலாமா சாமி? பூசைக்குப் பிடிச்ச தூபக் கலசத்துல நெருப்பு இருக்கும்போதே ஒண்ணு காட்டணும்.”

சாமி இளையவர், சிரித்த முகம். “வாங்க, வாங்க. எனக்குப் பசிக்குது, சீக்கிரம் காட்டுங்க” என்றார்.

முதல் தட்டில் கரித்தூளை அமுக்கி வைத்தேன். இரண்டாவதில் ரவை அளவு நொறுக்கியது. மூன்றாவதில் கட்டி. ஒவ்வொன்றிலும் கலசத்திலிருந்து ஒரு கங்கு எடுத்து வைத்து, பனையோலை விசிறியால் ஒரே மாதிரி விசிறினேன். தூள் ஓரத்தில் சிவந்து, யோசித்து, அணைந்தது. ரவைக் கரி சடசடவென்று பிடித்து, கோமஸின் பட்டு வேட்டியில் இரண்டு பொறியைத் துப்பியது. அவர் எழுந்து குதித்ததில் நாற்காலி கவிழ்ந்தது. கட்டிக் கரி மட்டும் நிதானமாகச் சிவந்து நின்றது.

“கோமஸ், நீ சின்ன வயசுல பூசைக்கு உதவி செஞ்சவன்தானே? கலசத்துல கரித்தூளைப் போட்டா பழைய சாமி என்ன பண்ணுவாரு?”

“காதைத் திருகுவாரு மாமி.”

“எதுக்கு?”

“அணைஞ்சிரும்லா.”

“போன வருசம் நீ அதைத்தான் பண்ணின. இந்த வருசம் பண்ணப்போறது இது” என்று அவர் வேட்டியில் இருந்த இரண்டு ஓட்டையைக் காட்டினேன்.

இந்த உவமை முழுக்கச் சரியில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். கரிக்கு வெளிக்காற்று வேண்டும். வெடிமருந்துக்கு வேண்டாம், அதிலுள்ள வெடியுப்பே காற்றைத் தன்னோடு கொண்டுவருகிறது. தூளில் அடைபடுவது காற்றின் வழியல்ல, நெருப்பு ஒரு மணியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வழி. ஆனால் பூசை முடிந்து பசியோடு இருக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

கோமஸ் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே பேசினார். “சரி மாமி. மிளகு மருந்தே வாங்குவோம். அளவும் நீங்களே சொல்லுங்க. ஆனா ஒண்ணு, நீங்களே வந்து பக்கத்துல நின்னு போடணும். வெடிக்கலன்னா ஊர் உங்களைப் பேசட்டும், என்னைப் பேசக்கூடாது.”

பின்னாலிருந்து ஒரு குரல், “பொம்பளைங்க பீரங்கி கிட்ட வந்த வழக்கமே இல்லையே.”

“பார்பரம்மா யாரு, ஆம்பளையா?” என்று கேட்டார் சாமி. அதோடு கூட்டம் கலைந்தது.

வீட்டிலிருந்தபடி இத்தனை வருடம் மருந்து அனுப்பியிருக்கிறேன். பீரங்கியை எட்டி நின்றுதான் பார்த்திருக்கிறேன். எந்தப் புடவை கட்டுவது என்று தெரியவில்லை. பருத்திதான். பட்டும் நைலக்சும் உரசினால் பொறி பறக்கும்.

நவம்பர் 18, செவ்வாய்

கோமஸின் காரில் வேட்டுக்காரரிடம் போய் மருந்தை மாற்றிக்கொண்டோம். “அவரு ரவை கேட்டாரு, குடுத்தேன். பீரங்கிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே” என்று வேட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். உள்ளிருந்து பருமருந்து எடுத்துவந்தார்.

“கல்லு கல்லா இருக்கே, மட்டச் சரக்கு மாதிரி” என்றார் கோமஸ்.

“நைஸா இருந்தா ஒசத்தின்னு உனக்கு யாரு சொன்னது? இது முகப்பவுடர் இல்ல” என்றேன்.

உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கிப் பார்த்தேன். ஒரே சீரான மிளகு, உடைசல் இல்லை, தூசி இல்லை, விரலில் கறை ஒட்டவில்லை. நல்ல கை சலித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. நான்காவது தடவை கழுவவில்லை.

நவம்பர் 20, வியாழன்

தண்டல் வந்தார். ஓடு மாற்றிக் கொடுத்தார், ஏற வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல ஏறினார்.

இறங்கி வந்து காப்பியைப் பார்த்தார். “எல்லாருக்கும் சின்ன டம்ளர்ல முழுசா வருது. எனக்கு மட்டும் ஏன் பெரிய டம்ளர்ல பாதி?”

“சூடு ஆறத்தான்.”

“ஓஹோ” என்றார். வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதை மூடிக்கொண்டார். நான் நாளிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதை எடுத்து விரித்து, அதன் பின்னாலிருந்து, “கொடியேத்தத்தன்னைக்கு எந்தப் பக்கம் நிப்பிய?” என்று கேட்டார்.

“மருந்து போட்டதும் எட்டி வந்துருவேன்.”

“அப்படியா. சரி.”

நாளிதழைத் தலைகீழாக மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நவம்பர் 24, திங்கள்

காலையிலிருந்து தூறல். மருந்து டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், ஈரம் ஏறாது. வியாகுலம் சமையலறைக்குள் வரமாட்டேன் என்கிறாள். அடுப்புக்கும் பானைக்கும் நடுவே இரண்டு அறை இருக்கின்றன என்று விளக்கியும் கேட்கவில்லை. இரவுக்கு ரொட்டி.

நவம்பர் 25, செவ்வாய்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. கோவில் முற்றம் நிறையக் குடைகள். பீரங்கியின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அதை எடுத்ததும் உள்ளே உலர்ந்த துணியால் துடைக்கச் சொன்னேன், இரண்டு தடவை. பிறகு செம்புக் கரண்டியால் மருந்து போட்டேன். என் கணவர் காலத்து அளவு, ஒரு மணி கூடவில்லை. கோமஸ் “இன்னும் அரைக் கரண்டி?” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். “சும்மா கேட்டேன் மாமி” என்றார். மேலே வைக்கோலை உருட்டி அடைத்தேன். மரக்கோலால் உட்காரும்வரை அமுக்கினால் போதும், இடிக்க வேண்டாம். இடித்தால் மிளகு நொறுங்கி ரவையாகும், பட்ட பாடெல்லாம் வீண்.

காதுக்குப் பஞ்சு கொண்டுபோயிருந்தேன். அந்த நேரம் பார்த்து வியாகுலம் வந்து, “எனக்கும்மா, எனக்கும்மா” என்று நச்சரித்தாள். இடது காதில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பிய்த்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள்.

எட்டி வரலாம் என்று திரும்பினேன். தண்டல் திரிக்கோலைப் பீரங்கியின் துளையை நோக்கி நீட்டினார். நீளமான மூங்கில், நுனியில் கனலும் திரி. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, மீசையைச் சீவியிருந்தார். நுனி துளைக்கு நேராகப் போய், வலது பக்கம் விலகி, திரும்பி வந்து, இடது பக்கம் விலகியது. இரண்டாம் தடவையும் அப்படியே. மழைத்துளி வேறு.

“தண்டல் பீரங்கிக்குக் கோலம் போடுதாரு டோய்!” என்று எவனோ கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள்.

தண்டலின் முகம் எனக்குப் பக்கவாட்டில்தான் தெரிந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. கோலை மட்டும் பார்த்தார்.

திரி நனைந்துவிடும் போலிருந்தது. அதனால் நான் திரும்பிப் போய் அவருக்கு வலப்பக்கம் நின்று, வலது கையில் குடையை விரித்துப் பிடித்தேன். இடது கை சும்மாதானே இருந்தது. அதைக் கோலின் மேல், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். கோல் நின்றது. நுனி துளையில் நேராக இறங்கியது.

அதை வெடி என்று சொல்வது போதாது. அறையவில்லை, தள்ளியது. நெஞ்சில் ஒரு கை வைத்து யாரோ மெதுவாக, ஆனால் மறுக்க முடியாதபடி பின்னால் நகர்த்தியதுபோல. வெள்ளைப் புகை கடலைப் பார்த்து உருண்டு போனது. கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் எழுந்தன. கொடி ஏறியது. கோமஸ் ஓட்டை விழுந்த அதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். நான் முதலில் பீரங்கியைத்தான் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

புகை கலையும் முன் தண்டல் என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நான் தலையை ஆட்டியதாக வியாகுலம் சொல்கிறாள். கண்ணில் புகை பட்டால் யாருக்கும் தலை ஆடும்.

நவம்பர் 26, புதன்

குடை காயவில்லை. கரண்டியை விளக்கி வைத்தேன், இந்தத் தடவை உண்மையாகவே.

நவம்பர் 27, வியாழன்

அவர் வரவில்லை. ஆங்கில நாளிதழ் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. பெரிய டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்து இன்னொரு தடவை கழுவினேன்.

மாலையில் வியாகுலம் கடைக்குப் போய்வந்து சொன்னாள்: “தண்டல் வீட்டு வாசல்லயே உக்காந்திருக்காரும்மா. ஏன் வரலன்னு கேட்டேன். அம்மா தலையாட்டுனது சரின்னு ஆட்டுனாவளா, புகையில ஆட்டுனாவளான்னு தெரியாம எப்படி வாரதுங்காரு.”

“நீ ஏன் கேட்ட?”

“நீங்க மூணு தடவை வாசலுக்கு வந்து பாத்தியல்லா, அதான்.”

மழை வருகிறதா என்று பார்த்தேன். அதை அவளிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஏலக்கூடத்தில் இப்போது என்னைப் பற்றி வேறொன்று சொல்கிறார்களாம். சாபத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இதை நான் இன்னும் திருத்தவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

காலையில் ஒரு கடிதம் எழுதினேன். வியாகுலம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதால் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “ரெண்டு காதுலயுமா? ஒண்ணைத்தான் நான் வாங்கிட்டேனே” என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது, போய்ப் பார் என்றேன். அடுப்பில் பால் இல்லை. கடிதத்தின் நகல் கீழே.

மதிப்பிற்குரிய திரு. கஸ்பார் ரொட்ரிகோ அவர்களுக்கு,

கொடியேற்றத்தன்று பீரங்கி வெடித்தவுடன் தாங்கள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னீர்கள். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தபடியால் அது எனக்குக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நேற்றைய நாளிதழைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 4 அன்று தேர்ப் பவனிக்கு மறுபடியும் பீரங்கி வெடிக்கும். அன்றும் நான்தான் மருந்து போடுகிறேன், குடையும் பிடிப்பேன். ஆனால் அந்தச் சத்தத்தில் திரும்பச் சொல்லிப் பயனில்லை. ஆகவே தாங்கள் சொன்னதை, சொன்னபடியே, அதற்கு முன் ஒரு தாளில் எழுதி வியாகுலத்திடம் கொடுத்தனுப்பவும். எழுத்து நடுங்கியிருந்தாலும் எனக்கு வாசிக்க வரும்.

இப்படிக்கு,
செலஸ்தீனா மச்சாடோ

பி.கு.: பதில் எழுத்தில் வேண்டும்.